செம்புத்தலையும் விரியனும்: பாம்புப் பெயர்கள் குறித்துச் சில குறிப்புகள்

மொழிபெயர்ப்புத் தாளுக்காக நாம் வகுப்பில் கொடுத்த பத்தி ஒன்று அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றியது. ஒரு மாணவர் அதைப் பிழையற்ற தமிழில், நல்ல கையெழுத்தில் இவ்வாறு பெயர்த்திருந்தார்: ஒஹையோ மாநிலத்தில் செம்புத்தலைப் பாம்புகள் போரை எதிர்த்தன, அவற்றுள் ஒன்றை அரசு கைது செய்து எல்லைக்கு அப்பால் அனுப்பியது. வகுப்பு சிரித்தது. நாமும் சிரித்தோம். வீட்டுக்கு வந்து யோசித்தபோது, அந்த மாணவரின் மேல் பெரிய குற்றம் இல்லை என்று பட்டது. அகராதியைப் பார்த்திருக்கிறார். ‘காப்பர்ஹெட்’ என்றால் ஒரு பாம்பு என்று அது சொல்லியிருக்கிறது. அகராதி பொய் சொல்லவில்லை, முழுதாகவும் சொல்லவில்லை.

அந்தச் செம்புத்தலையர்கள் மனிதர்கள். வடமாநிலங்களில் இருந்துகொண்டே, தெற்கோடு சமாதானம் பேசிப் போரை முடிக்க வேண்டும் என்று வாதிட்ட ஜனநாயகக் கட்சிக்காரர்கள். 1861-இல் எதிர்த்தரப்புப் பத்திரிகைகள் அவர்களுக்கு இந்தப் பட்டத்தைச் சூட்டின. கிலுகிலுப்பைப் பாம்பு வாலை ஆட்டி எச்சரித்துவிட்டுக் கடிக்கும்; செம்புத்தலையனோ சருகுக்குள் சருகாகக் கிடந்து சொல்லாமல் கடிப்பவன். உள்ளிருந்தே துரோகம் செய்பவர்கள் என்பது குறிப்பு. அவர்களும் சளைக்கவில்லை. செப்புக் காசில் பொறித்த சுதந்திர தேவியின் தலையை வெட்டி எடுத்துச் சட்டையில் அணிந்துகொண்டு, ‘ஆம், நாங்கள் செம்புத்தலையர்தாம்’ என்றார்கள். வசைச்சொல் அணிகலனாயிற்று. அவர்களுள் முதன்மையானவரான கிளமென்ட் வல்லாண்டிகாம் 1863 மே மாதம் கைதானார். லிங்கன் அவரைச் சிறையில் வைக்காமல் எதிரிகளின் எல்லைக்குள் கொண்டுபோய் விடச் செய்தார். அவர் அங்கிருந்து கனடா சென்று, அங்கே இருந்தபடியே ஒஹையோ ஆளுநர் தேர்தலில் நின்று தோற்றார். நம் மாணவர் நாடுகடத்திய பாம்பு இவர்தான்.

சரி, மனிதர்களை விடுவோம். பாம்பாகவே எடுத்துக்கொண்டாலும் செம்புத்தலை ஒன்றல்ல. அமெரிக்கச் செம்புத்தலை விரியன் குடும்பத்தைச் சேர்ந்தது. கடித்தால் வீக்கமும் வலியும் மிகுதி, உயிர் போவது அரிது. ஆஸ்திரேலியாவிலும் ஒரு செம்புத்தலை உண்டு. அது நம் நல்ல பாம்பின் உறவினம், நரம்பைத் தாக்கும் நஞ்சு உடையது. இந்தியாவின் கிழக்கு, வடகிழக்குப் பகுதிகளிலும் ஒரு செம்புத்தலை ஊர்கிறது. தலை செம்பு நிறம்; கழுத்தை உப்பிப் பயமுறுத்தும்; சிலவேளை செத்ததுபோல் மல்லாந்து நடிக்கும்; மனிதருக்கு ஆபத்தில்லை. மூன்று கண்டங்கள், மூன்று பாம்புகள், ஒரே பெயர். மேல்நாட்டார் குடியேறிய இடங்களில் எல்லாம் தம் ஊர்ப் பெயர்களையும் மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள். செம்பு நிறத்தில் ஒரு தலை தென்பட்டால் போதும், மூட்டையிலிருந்து பெயரை எடுத்து ஒட்டிவிடுவது வழக்கம்.

நம் பக்கத்துப் பெயர்களும் இப்படிக் கப்பலேறியிருக்கின்றன. அனகோண்டாவைத் தென்னமெரிக்கச் சொல் என்று எண்ணுவோர் பலர். 1693-இல் ஜான் ரே என்னும் ஆங்கில இயற்கையியலாளர் வெளியிட்ட பட்டியலில் அது இலங்கைப் பாம்பின் பெயராக இருக்கிறது. ஆனையைக் கொன்றது என்று பொருள்படும் தமிழ்ச் சொல்லே அதன் மூலம் என்று ஹாப்சன்-ஜாப்சன் அகராதி தொகுத்த யூல் கருதினார். சிங்களத்தில் ‘ஹெனகந்தயா’ என்று பச்சைப்பாம்பைக் குறிக்கும் சொல்லே மூலம் என்பது மற்றொரு கருத்து. விரல் பருமனே உள்ள பச்சைப்பாம்பின் பெயர் எருமையை நொறுக்கும் மலைப்பாம்புக்கு மாறி, பிறகு தொதேன் என்ற பிரெஞ்சுக்காரர் கைப்பட்டு அமேசான் காட்டுக்குப் போயிற்று என்று கொண்டால், இதைவிட நீண்ட பயணம் எந்தப் பாம்பும் செய்ததில்லை. தமிழ்ப் பற்றின் காரணமாக நமக்கு ஆனையைக் கொன்றவன் மேல்தான் சாய்வு. ஆனால் சிங்களச் சொல்லின் பக்கம் ஒலி இன்னும் நெருங்கி நிற்கிறது என்பதை மறைக்க முடியாது.

சோழமண்டலக் கரையில் பாம்புப் பெயர்களை முதன்முதலில் முறையாக எழுதிவைத்த வெள்ளைக்காரர் பேட்ரிக் ரஸல். கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர், இயற்கையியலாளர். 1796-இல் வண்ணப் படங்களோடு அவருடைய பாம்பு நூலின் முதல் தொகுதி வெளிவந்தது. தஞ்சாவூர் மாத்திரை என்று அந்நாளில் பாம்புக்கடிக்குப் பேர்போன, பாஷாணம் கலந்த மருந்தையும் அவர் விடவில்லை. உண்மையில் பயன் உண்டா என்று விலங்குகளுக்குக் கொடுத்துச் சோதித்தார். அவருடைய நூலில் நம்மைக் கவர்வது வேறொன்று. பாம்பைக் கொண்டுவந்தவர்கள் சொன்ன பெயரையே, பெரும்பாலும் தெலுங்குப் பெயரை, தம் காதில் விழுந்தபடி எழுதிவைத்தார். இலத்தீன் பெயர்களைப் பிறகு வந்தவர்கள் சூட்டினார்கள்.

அப்படிச் சூட்டியதில் நடந்த வேடிக்கை ஒன்று. மஞ்சளும் கறுப்பும் மாறிமாறிப் பட்டையிட்ட பாம்பு ஒன்றை ரஸல் ‘பங்காரும் பாமா’ என்று பதிந்திருந்தார். தெலுங்கில் பங்காரம் பொன். மேலே சொன்ன அதே தொதேன், 1803-இல் அந்தப் பொன்னை எடுத்து ‘பங்காரஸ்’ என்று ஒரு பேரினத்துக்கே பெயராக்கினார். நம் கட்டுவிரியனும் அந்தப் பேரினத்தில் அடங்கியது. அதன் சிற்றினப் பெயரோ நீலம் என்று பொருள்படும் ‘செருலியஸ்’. ஆக, அறிவியல் ஏட்டில் பொன்னும் நீலமும். நிலக்கோட்டைப் பக்கத்துக் குடிசைக்குள் இரவில் நுழையும்போது அது எண்ணெய் பூசினாற்போன்ற கறுப்பு.

மண்ணுளிப் பாம்பின் கதையும் இவ்வகையே. வால் தலைபோல் மழுங்கியிருப்பதால் இருதலை மணியன் என்பார்கள். அது நக்கினால் தொழுநோய் வரும் என்று பாட்டிமார் பயமுறுத்தியது போக, இன்று கோடிக்கணக்கில் விலைபோகும் என்று ஏமாற்றுவோரும் ஏமாறுவோரும் அலைகிறார்கள். அந்த அப்பாவிப் பாம்பின் இலத்தீன் பெயரில் தரங்கம்பாடி மிஷனின் பாதிரியார் கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் இருக்கிறார். ரஸல் 1801-இல் செய்த மரியாதை அது.

திண்டுக்கல்லுக்கும் இந்த மரியாதை கிட்டியிருக்கிறது. படை அதிகாரியாக வந்து சென்னை மாகாண வனத்துறையில் பணியாற்றிய பெடோம், சிறுமலையில் கிடைத்த ஒரு மண்வாழ் பாம்புக்கு 1877-இல் ‘திண்டிகாலென்சிஸ்’ என்று பெயரிட்டார். திண்டு போன்ற கல் என்று ஒரு பாறையின் உருவத்தைக் கொண்டு ஊருக்குப் பெயர் வந்ததாகச் சொல்வார்கள். அந்தக் கல் இப்படி இலத்தீனுக்குள் உருண்டிருக்கிறது. வால் நுனி வெட்டி எடுத்ததுபோல் முடிந்து, சொரசொரப்பான கேடயம் ஒன்றைத் தாங்கியிருக்கும். மண்புழு தின்று, மண்ணுக்குள் வாழ்ந்து, யாரையும் கடிக்காமல் காலம் கழிப்பது. சிறுமலைக்கே உரியது. ஊர்ப்பெயர் தாங்கியும் ஊருக்குள் அதைப் பார்க்க முடியாது. கோட்டைப் பாறையின் மேல் ஏறி நின்றால் அதன் மலையைப் பார்க்கலாம், அவ்வளவே. சமவெளிக்காரர்களான நமக்கு விதிக்கப்பட்டவை வேறு பாம்புகள்.

அவற்றுள் மூன்றுக்கு நாம் விரியன் என்று பெயர் வைத்திருக்கிறோம்: கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், கட்டுவிரியன். இந்த ஒற்றைச் சொல்தான் நாம் இக்கட்டுரையை எழுதக் காரணம். முதல் இரண்டும் விலங்கியல்படி உண்மையான விரியன்கள், குட்டி போடுபவை, நஞ்சு இரத்தத்தைக் கெடுக்கும். கடிபட்ட இடம் வீங்கும், ஈறிலும் சிறுநீரிலும் இரத்தம் கசியும். கண்ணாடி விரியனானால் சிறுநீரகமும் பழுதாகும். கட்டுவிரியன் இவற்றோடு உறவே இல்லாதது. முட்டையிடுவது, நல்ல பாம்பின் வகையறா. அதன் நஞ்சு நரம்பைக் கட்டும். கடித்த இடத்தில் வீக்கமும் வலியும் இராது. பல் தடமே தெரியாமல் போவதும் உண்டு. கடிபட்டவர் பெரும்பாலும் தரையில் பாய்விரித்து உறங்கியவர். விடியற்காலையில் வயிற்று வலி, பிறகு இமை தூக்க முடியாமை, பிறகு விழுங்க முடியாமை, பிறகு மூச்சு.

மேல்நாட்டுச் சொல்லிலும் இந்த வேறுபாடு பதிந்திருக்கிறது. ‘வைப்பர்’ என்பதன் மூலமான இலத்தீன் சொல்லே உயிருள்ள குட்டியை ஈனுவது என்ற பொருளிலிருந்து வந்ததாகக் கொள்வர். விவிலியத்தைத் தமிழாக்கியவர்கள் ‘எகிட்னா’ என்ற கிரேக்கச் சொல்லுக்கு விரியன் பாம்பு என்று எழுதியபோது சரியான இனத்தையே தொட்டார்கள். வடமொழி மருத்துவமோ இன்னும் துல்லியம். சுசுருத சம்ஹிதையின் கற்பஸ்தானம் நச்சுப் பாம்புகளைத் தர்வீகரம், மண்டலி, ராஜிமான் என்று பிரிக்கிறது. அகப்பை போன்ற படம் உடையது முதலாவது. வட்டவட்டப் புள்ளிகள் உடையது இரண்டாவது. கோடுகள் உடையது மூன்றாவது. முறையே வாதம், பித்தம், கபம் ஆகியவற்றைக் கெடுப்பவை என்றும் சொல்லி, கடியின் குணங்களை வெவ்வேறாக வகுக்கிறது. அதாவது நல்ல பாம்பு, விரியன்கள், கட்டுவிரியன். மலையாளத்தார் மண்டலி என்ற சொல்லை இன்றும் விரியனுக்கே வைத்திருக்கிறார்கள். நாம் மண்டலியையும் ராஜிமானையும் ஒரே பெயருக்குள் போட்டுக் கட்டிவிட்டோம். ஈழத்தார் கண்ணாடி விரியனைப் புடையன் என்கிறார்கள். அச்சொல் நம்மிடம் இருந்திருந்தால் குழப்பம் பாதி குறைந்திருக்கும்.

நிகண்டுகளைப் புரட்டினால் பாம்புக்குப் பெயர்ப் பஞ்சம் இல்லை. அரவு, அரா, பாந்தள், பணி, உரகம், மாசுணம், கட்செவி. இவை புலவனுக்கு எதுகைக்கு உதவும். எந்தப் பாம்பு என்று கேட்பவனுக்கு உதவா. (கண்ணையே செவியாக உடையது என்று பாம்பைக் குறித்த கட்செவி, இந்நாளில் வாட்ஸ்அப்புக்குத் தமிழாக உலவுகிறது. தவறான பாம்புப் படங்களை அதிகம் பரப்பும் கருவிக்கு இப்பெயர் வாய்த்தது தற்செயல்தான்.) இனம் பிரித்தறியும் பெயர்களை வைத்திருந்தவர்கள் வயலில் இருந்தார்கள், அவர்களுடைய பெயர்களோ ஊருக்கு ஊர் மாறின.

இதை வகுப்பிலேயே கண்டோம். சிரித்த மறுவாரம் கட்டுவிரியன் படத்தைக் காட்டிப் பெயர் கேட்டோம். கட்டுவிரியன் என்றார் சிலர். எட்டடி விரியன் என்றார் வேடசந்தூர்ப் பக்கத்து மாணவர். கடித்தால் எட்டு அடிக்குள் சாவு என்பது கணக்கு. எண்ணெய் விரியன் என்று ஒரு குரல். அடுத்து, வெள்ளிக்கோல் வரையன் படத்தைக் காட்டினோம். அதற்கும் கட்டுவிரியன் என்றே பலர் சொன்னார்கள். வெள்ளிக்கோல் நஞ்சற்றது, பல்லியைத் தேடி வீட்டுச் சுவரேறி வருவது. அதன் பட்டைகள் கழுத்திலிருந்தே தொடங்கி வாலை நோக்கி மங்கும். கட்டுவிரியனின் பட்டைகள் தலைக்குச் சற்றுத் தள்ளித் தொடங்கி வாலை நோக்கித் தெளிவடையும். முதுகு நடுவில் செதில்கள் அறுகோணமாகப் பெரிதாக இருக்கும். விளக்கில்லாத அறையில் இதையெல்லாம் யார் பார்ப்பது? வெள்ளிக்கோலைக் கட்டுவிரியன் என்று எண்ணினால் ஒரு பாம்பு வீணாகச் சாகும். மாற்றி எண்ணினால் சாவது மனிதர்.

கொம்பேறி மூக்கனுக்கு நேர்ந்ததும் சொல்லத் தக்கது. முதுகு வெண்கல நிறத்தில் மின்னும். ஆங்கிலத்தில் வெண்கல முதுகன் என்றே பெயர். செம்புத்தலைக்கு நம் ஊரில் நெருங்கிய உலோகம் இதுதான். கடித்துவிட்டு மரத்தில் ஏறி, கடிபட்டவன் பிணம் எரியும் புகையைப் பார்த்த பிறகே இறங்கும் என்ற பழியை இது சுமக்கிறது. நஞ்சே இல்லாத பாம்பு. மலையாளத்தில் இதையும் கொம்பேறி மூர்க்கன் என்பதுண்டு. அங்கே மூர்க்கன் என்றால் நல்ல பாம்பு. மூக்கன் முந்தியதா, மூர்க்கன் முந்தியதா என்று தீர்ப்புச் சொல்ல நாம் துணியவில்லை. நல்ல பாம்பின் பட்டம் ஒட்டிக்கொண்டால் பழியும் கூடவே வரும் என்பது தெரிகிறது.

அன்று வகுப்பு முடிந்ததும் நிலக்கோட்டைப் பக்கத்து மாணவி ஒருவர் நின்று பேசினார். அவர் வீட்டில் மல்லிகைத் தோட்டம். பூப்பறிப்பு பொழுது புலருமுன் நடப்பது; தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு, செடியின் அடியில் என்ன கிடக்கிறது என்று பார்க்க நேரமில்லாமல் கைகள் ஓடும். ஆனால் அவருடைய அப்பத்தாவைக் கடித்தது தோட்டத்தில் அல்ல, வீட்டுத் தரையில். நள்ளிரவில் ‘பூச்சி ஏதோ கடிச்சாப்ல இருந்துச்சு’ என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்திருக்கிறார். விளக்குப் போட்டுப் பார்த்த சித்தப்பா, சுவரோரம் ஓடிய பாம்பைப் பார்த்து, வெள்ளிக்கோல்தான் என்று சொல்லிவிட்டார். விடியற்காலையில் வயிறு வலித்தது; சுக்குக் கஷாயம் கொடுத்தார்கள். இமை சரிந்த பிறகே வண்டி பிடித்தார்கள். மருத்துவமனையில் என்ன கடித்தது என்று கேட்டபோது ஒருவர் பூச்சி என்றார், ஒருவர் வெள்ளிக்கோல் என்றார், ஒருவர் விரியன் என்றார். மூன்றும் தமிழ்தான்.

அங்கிருந்த மருத்துவர் மூன்றையும் நம்பவில்லை. இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்திருந்து சாய்த்துப் பார்த்தார். உறையாமல் ஓடியிருந்தால் கண்ணாடி விரியனோ சுருட்டையோ, உறைந்திருந்தது. சரிந்த இமையையும் இதையும் சேர்த்துக் கட்டுவிரியன் என்று கண்டு, நஞ்சுமுறி மருந்து ஏற்றி, செயற்கைச் சுவாசத்தில் வைத்தார்கள். அப்பத்தா நான்கு நாள் கழித்துத் தாமாக மூச்சுவிட்டார்.

நஞ்சுமுறி மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் சேர்த்தே ஆக்கப்படுவது. ஆகவே நான்குக்குள் பெயர் மாறினாலும் மருந்து மாறிவிடாது. அதற்கு வேண்டிய நஞ்சைப் பாம்பைக் கொல்லாமல் எடுத்துத் தருவோருள் முதன்மையானவர்கள் மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் 1978-இல் கூட்டுறவுச் சங்கம் தொடங்கிய இருளர்கள். நான்குக்கு வெளியே பெயர் பிசகினால்தான் சிக்கல். கொச்சியில் சுருட்டை விரியன் என்று கருதி இம்மருந்து ஏற்றப்பட்ட சிலரைக் கடித்தது உண்மையில் மூக்கு மேடிட்ட குழிவிரியன் என்று 2007-இல் மருத்துவர்கள் எழுதினார்கள். அதன் நஞ்சுக்கு இம்மருந்து வேலை செய்வதில்லை. பெயரும் இனமும் ஒன்றாகவே இருந்தாலும் கண்ணாடி விரியனின் நஞ்சு வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுபடுவதை இப்போது கண்டிருக்கிறார்கள்.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தோர் ஏறத்தாழ 12 இலட்சம் என்பது 2020-இல் வெளியான ஆய்வொன்றின் மதிப்பீடு, ஆண்டுக்கு 58,000. பெரும்பாலோர் சிற்றூரார். 2024-இல் தமிழ்நாட்டரசு பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்கியது. அந்தப் பதிவேடுகளில் பாம்பின் பெயருக்கு ஒரு கட்டம் இருக்குமானால் அதில் என்ன எழுதப்படும் என்பதுதான் தமிழாசிரியராகிய நம் கவலை. வெறும் ‘விரியன்’ என்று எழுதினால் எதுவும் எழுதாததற்குச் சமம். ஆங்கிலத்திலிருந்து பெயர்ப்போருக்கும் ஒரு சொல்: ‘ஸ்பெக்டகிள்ட் கோப்ரா’ என்பதைக் கண்ணாடிப் பாம்பு என்று எழுதாதீர்கள். மூக்குக்கண்ணாடி போன்ற குறி படத்தில் கொண்ட நல்ல பாம்பு அது. கண்ணாடி என்றதும் நம் ஊரார் விரியனைத்தான் நினைப்பார்கள். கட்டுவிரியனின் கட்டு உடம்பில் உள்ள பட்டையைக் குறிப்பதே அன்றி, கடித்த காலில் கயிற்றால் இறுக்கிக் கட்டச் சொல்வது அன்று. அப்படிக் கட்டுவது கேடு என்றே மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

செம்புத்தலையைப் பெயர்த்த மாணவருக்கு நாம் மதிப்பெண் குறைக்கவில்லை. நிலக்கோட்டை மாணவி இப்போது தம் ஊரிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் வழங்கும் பாம்புப் பெயர்களைப் படங்களைக் காட்டிக் கேட்டு எழுதி வருகிறார். முதலில் அப்பத்தாவிடம் கேட்டிருக்கிறார். பகலில் எல்லாப் பெயரையும் ஒன்று விடாமல் சொன்னாராம். விளக்கு வைத்த பிறகு ஒன்றிரண்டு சந்தேகம் கேட்கப் போனால், ‘இந்நேரத்துல பூச்சி பேச்சு எதுக்கு, காலையில வா’ என்று அனுப்பிவிட்டாராம்.